நாற்றுக்கு இரண்டு சாவி

பரமக்குடியில் பிள்ளை பெற்று, மூன்று மாதக் குழந்தையோடு உமாமகேஸ்வரி புகுந்த வீட்டுக்குத் திரும்பியதைப் போன வாரம் பார்த்தோம். மாமியார் ராக்கு ஆரத்தித் தட்டைக் கீழே வைப்பதற்குள் பிள்ளையைக் கைநீட்டி வாங்கி உள்ளே கொண்டுபோனது யார்? சின்ன மருமகள் மதுமதிதான். அன்றைக்கு மூத்தவள் வயிற்றில் பற்றிய நெருப்பு இன்னும் அணையவில்லை.

அணைந்துவிட்டால் நமக்கு இந்த வாரம் ஏது வேலை?

எதற்கு நெருப்பு என்று புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். எல்லாம் 'நாற்று' செய்த வேலை. உமா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்த காலத்தில் செய்த கருவி அது. செல்போனுக்கு ஆப் எழுதுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், முதல் இரண்டு நாள் ஒரு வேலையும் ஓடாது. இதை இறக்கு, அதைப் பொருத்து, ஆண்ட்ராய்டுக்குத் தனி, ஐபோனுக்குத் தனி என்று உயிரை வாங்கும். அதிலும் உமா கையாண்டது ஃபங்ஷனல் வகை மொழி ஒன்று. ஒரு தடவை வைத்த மதிப்பைப் பிறகு தொடவே விடாது, வேண்டுமானால் புதிதாக இன்னொன்று செய்துகொள் என்று நிற்கும் பிடிவாதமான மொழி. அதில் ஆப் செய்ய வழி தெரியாமல் ஆளாளுக்கு முழித்துக்கொண்டிருந்தபோது உமாவின் நாற்று வந்தது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும். அத்தனையையும் அதுவே இறக்கிப் பொருத்தி, கையிலிருக்கும் போனில் வெற்று ஆப் ஒன்றைத் திறந்து காட்டிவிடும். அதற்குமேல் அவரவர் வேண்டியதை நட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் எல்லாருக்கும் பொதுவான கிடங்கு ஒன்றில் அதை இலவசமாகப் போட்டு வைத்தாள். போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் யார் யாரோ நன்றி சொல்லி எழுதினார்கள். உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளி, மிளகாய்க் காட்டுக்கு நடுவில் இருக்கும் வீட்டில், அடுப்படியில் நின்றுகொண்டு அதையெல்லாம் வாசிப்பதில்தான் அவளுக்கு எத்தனை சுகம்!

கிடங்கில் எதையாவது ஏற்றவோ எடுக்கவோ சாவி வேண்டும். அது உமாவிடம் மட்டும்தான் இருந்தது. பேறுகாலத்துக்குக் கிளம்பும்போது, "பாத்துக்க மது" என்று ஓரகத்திக்கும் ஒரு சாவி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். மதுமதியும் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள்தான்.

பார்த்துக்கொள்ளத்தானே சொன்னாள்? ஆண்ட்ராய்டில் என்னவோ மாறி, பழைய நாற்று முளைக்காமல் போனதும், மதுமதி உட்கார்ந்து பாதிக்குமேல் புதிதாக எழுதி இரண்டாம் பதிப்பே போட்டுவிட்டாள். இப்போது போலந்தும் பிரேசிலும் அவளுக்குத்தான் நன்றி சொல்கின்றன!

அன்றைக்குக் காலையில் வீடு பரபரத்துக் கிடந்தது. கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் மதுமதி நாற்றைப் பற்றிப் பாடம் எடுக்கப் போகிறாள். பிள்ளைகள் லேப்டாப்போடு உட்கார்ந்து, அவள் சொல்லச் சொல்ல அடித்துப் பார்ப்பார்கள். அதைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து பெரிய கம்பெனிக்காரர் ஒருவரும் வருகிறார்.

"ஏத்தா, பூவ வச்சுக்கிட்டுப் போ. நாலு பேரு பாக்குற எடம்." ராக்கு மல்லிகைச் சரத்தைத் தன் கையாலேயே சின்ன மருமகளின் தலையில் வைத்துவிட்டாள்.

உமா பிள்ளையைத் தோளில் போட்டபடி வாசலுக்கு வந்தாள்.

"நீ ஏந்தாயி காத்துல நிக்கிற? பச்ச ஒடம்பு. உள்ள போ."

அக்கறையாகத்தான் சொன்னாள். உமாவின் காதில் அது 'நீ ஓரமாப் போ' என்றுதான் விழுந்தது.

அவள் புருஷன் வேல்சாமி மிளகாய் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தான். "கம்பெனிக்காரன் என்ன கேட்டாலும் தயங்காமப் பேசு மது. நம்ம வீட்டுப் பேரு வெளங்கணும்!"

உமாவுக்குச் சுரீர் என்றது. நம்ம வீட்டுப் பேராம்! கல்யாணமான புதிதில் அவள் கண்விழித்து நாற்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, 'லைட்ட அமத்து, தூக்கம் வருது' என்று திரும்பிப் படுத்த மனுசன் பேசுகிற பேச்சா இது?

"அக்கா, நீங்களும் வந்தா நல்லாருக்கும்க்கா" என்றாள் மதுமதி.

"பிள்ளைய யாரு பாக்குறது?"

"அத்தை பாத்துக்குவாக. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

"ஒனக்கு எதுக்குத் தெம்பு? நீ போ."

மதுமதி ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்துவிட்டுப் பைக்கில் ஏறினாள். உச்சிப்புளியில் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் வசந்தகுமார், "மதினி, இன்னைக்கு ஒங்க நாத்துக்குக் கீழக்கரையில நடவு!" என்று கேலியாகச் சொல்லி வண்டியைக் கிளப்பினான். 'ஒங்க' என்று அவன் ஒருவனாவது சொன்னானே என்று உமாவுக்கு இருந்தது. அந்த ஆறுதலும் நீடிக்கவில்லை. அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டது. பால் கொடுத்தாள், தோளில் போட்டுத் தட்டினாள், தொட்டிலில் போட்டு ஆட்டினாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

முற்றத்தில் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ராக்கு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "மது இருந்தா இந்நேரம் அமத்திருப்பா. அவ கைவாகு அப்பிடி."

கேட்டீர்களா? பெற்றவள் மடியில் அடங்காத பிள்ளை, வாரம் ஒன்றுகூடத் தூக்கிப் பழகாதவள் கையில் அடங்குமாம்! உமாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாற்றையும் எடுத்துக்கொண்டாள், மாமியாரையும் எடுத்துக்கொண்டாள், இப்போது பிள்ளையுமா?

பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியதும் லேப்டாப்பைத் திறந்தாள். வந்ததிலிருந்து கிடங்கில் நாற்றின் பக்கத்தைத் திறந்து பார்க்க அவளுக்கு மனசே வரவில்லை. இன்றைக்குத் திறந்தாள். முன்பு அதன் தலைப்பில், ஆக்கம் உமாமகேஸ்வரி வேல்சாமி என்று இருக்கும். இப்போது வேறு மாதிரி இருந்தது.

'முதல் பதிப்பு: அக்கா. இரண்டாம் பதிப்பு: மதுமதி வசந்தகுமார்.'

அவ்வளவுதான்! இரண்டு தடவை படித்தாள். அக்காவாம், அக்கா! இவள் பெயர் மட்டும் புருஷன் பெயரோடு முழுசாக நிற்கும். நான் பெயரில்லாத அக்காவா? போலந்துக்காரனுக்கு அக்கா என்றால் என்ன தெரியும்? உலகத்துக்கு முன்னால் என்னைத் துடைத்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்று 'நீங்களும் வாங்கக்கா' என்று என்ன நடிப்பு!

கை தானாக வேலை செய்தது. முதலில் மதுமதியின் சாவியைப் பிடுங்கினாள். பிறகு இரண்டாம் பதிப்பையே கிடங்கிலிருந்து நீக்கச் சொன்னாள். திரை எச்சரித்தது: நீக்கிய பதிப்பின் எண்ணை மறுபடி யாரும் பயன்படுத்த முடியாது, உறுதிதானா?

இந்நேரம் அங்கே பாடம் ஆரம்பித்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தாள். அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அடிப்பார்கள். அப்படி ஒன்று இல்லை என்று திரை சொல்லும். கம்பெனிக்காரர் முன்னால் அவள் முழிக்கட்டும். முழித்துவிட்டு எனக்குத்தானே போன் போடுவாள்? 'அக்கா, என்னமோ ஆயிருச்சு, வழி சொல்லுங்கக்கா' என்று கெஞ்சுவாள். நானும் பெரிய மனசு பண்ணிச் சரிசெய்து கொடுப்பேன்.

உறுதிதான் என்று தட்டினாள்.

போன் வந்தது. நினைத்தபடியே மதுமதிதான். பின்னால் பிள்ளைகளின் கசமுசா கேட்டது.

"அக்கா, பதறாதீங்க. ஒங்க கணக்குக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க போல. நம்ம ரெண்டாம் பதிப்பத் தூக்கிட்டாங்க."

"யாரு... யாரு புகுந்தா?"

"அது தெரியலக்கா. இங்கன எல்லார்ட்டயும் அப்பிடித்தான் சொல்லிருக்கேன். என்னையக் கூப்பிட்ட காலேஜ் அஸ்பியா மேடமும் பரவால்ல, நடத்துங்கன்னுட்டாக."

"நான் வேணா இப்பவே ஏதாச்சும்..."

"வேண்டாம்க்கா. என் லேப்டாப்புல ஒரு நகல் இருக்கு. அத ஆளுக்கொண்ணா பென் டிரைவ்ல குடுத்து ஓட்டிக்கிட்டிருக்கேன். நீங்க பாஸ்வேர்ட மட்டும் மாத்திருங்க. பாப்பா தூங்குதா?"

வைத்துவிட்டாள். மதுமதி வழி கேட்கவில்லை, கெஞ்சவில்லை. குழிக்குள் தள்ளிவிட்டும் அவள் தானாக ஏறிப் போய்விட்டாள்! உமாவுக்கு வெட்கம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

ராக்கு உள்ளே வந்தாள். "போன்ல மதுவா? பாவம், ஒன்ன நெனச்சுக்கிட்டே போயிருக்கா. முந்தாநாளு அந்தக் காலேஜ்க்காரம்மா போன்ல, இத மொதல்ல யாரு செஞ்சதுன்னு கேட்டிருக்கு. இவ அக்கா, அக்காங்குறா. பேரச் சொல்லும்மான்னா, போனக் கொண்டாந்து என் காதுல வச்சு 'அத்தை, அக்கா பேர நீங்க சொல்லுங்க'ங்குறா! நானும் காட்டுக் கத்தா கத்துனேன், உமாமகேஸ்வரி, உமாமகேஸ்வரின்னு. காலேஜுக்கே கேட்டிருக்கும்." சொல்லிச் சிரித்தாள்.

உமா சிரிக்கவில்லை. "ஏன், அவ வாயில என் பேரு வராதாமா?"

"நல்லாருக்கே நீ கேக்குறது! வந்த புதுசுல பால்காரன்ட்ட 'உமா குளிக்கிறாங்க'ன்னு சொன்னதுக்கு அந்தப் புள்ளைய என்னா வசவு வஞ்ச? பெங்களூர்ல வேணா பேரச் சொல்லு, இந்த வீட்ல மூத்தவ பேரச் சொல்ற வழக்கமில்லன்னு நீதான சொன்ன? அன்னைக்கு நிறுத்துனவதான். வேத்தாளுக்கிட்டகூட ஒன் பேரச் சொல்ல மாட்டேங்குறா."

உமா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆமாம், சொன்னாள். குரலை உயர்த்தித்தான் சொன்னாள். அன்றைக்கு மதுமதி முகம் சிவந்துபோய், 'தெரியாமச் சொல்லிட்டேன்க்கா' என்றது இப்போது நினைவுக்கு வந்தது. பால்காரனிடம் சொல்லக் கூடாத பெயரை உலகத்துக்கே தெரியும்படி அவள் எப்படி எழுதுவாள்? அப்படியென்றால் பழைய வரியை விட்டு வைத்திருக்கலாமே என்று மனசு ஒரு சாக்குத் தேடியது. புதுப் பதிப்புக்குப் பக்கம் முழுவதையும் அவள்தான் தன் கையால் திரும்ப எழுதியிருந்தாள். அந்த இடம் வந்ததும் கை கூசியிருக்கும், 'அக்கா' என்று எழுதிவிட்டாள்.

எடுத்ததைத் திருப்பி வைக்கப் பார்த்தாள். கிடங்கு ஏற்கவில்லை. அந்த எண் செத்தது செத்ததுதான். எழுதியது மட்டும் கிடங்கின் ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. வேறு எண் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். அதற்கு மதுமதி எழுதியதை ஒருமுறை முழுக்கப் பார்த்தாக வேண்டும். பார்த்தாள். தான் முக்கி முக்கி எழுதியிருந்த இடங்களை அவள் நாலே வரியில் முடித்திருந்தாள். நன்றாக இருந்தது. அதுதான் வலித்தது.

மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து, பிள்ளை அழும்போதெல்லாம் எழுந்து, ஒரு வழியாகப் புது எண்ணில் ஏற்றினாள். தலைப்பை அவள் தொடவில்லை. மதுமதிக்குத் திரும்பச் சாவி கொடுத்து அழைப்பும் அனுப்பினாள். ஏற்றுக்கொண்டதாகப் பதில் வரவே இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் மதுமதி பஸ்ஸில் வந்து இறங்கி, வேகு வேகென்று நடந்து வந்தாள். தலையில் பூ வாடியிருந்தது. நேரே உமாவின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரும் ஒங்க வீட்டுக்காரரும் போலீசுக்குப் போயிருக்காங்க. இப்பத்தான் போன்ல சொன்னாக. மதியமே என்னைய விட்டுட்டு மாமாவக் கூட்டிக்கிட்டு ராமநாதபுரம் போயிட்டாங்களாம். கணக்கத் திருடுனவன விடக் கூடாதுன்னு குதிக்கிறாங்க."

"மது... அது வந்து..."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"சாவியப் பிடுங்குனா, யாரு பிடுங்குனதுன்னு கிடங்குலருந்து மெயில் வராதா? பாடத்துக்கு நடுவுல எனக்கு வந்துருச்சு. ஒங்க பேரோட."

உமா தொட்டில் கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"பெறகு ஏன் திருட்டுன்னு சொன்ன?"

"வேற என்னக்கா சொல்றது? அத்தன பேரு முன்னாடி, எங்க வீட்டு மூத்த மருமகதான் பிடுங்கிட்டாகன்னா சொல்ல முடியும்?" மதுமதியின் குரல் உடைந்தது. "கம்பெனிக்காரரு பெங்களூருக்கே வந்துருங்கன்னு கேக்குறாரு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்திருக்கேன். நான் போயிட்டா இந்த வீட்ல நிம்மதியா இருப்பீங்களாக்கா? ஒளிக்காமச் சொல்லுங்க."

இல்லை, நீ போக வேண்டாம் என்று சொல்வதற்கு உமா வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலில் பைக் சத்தம்.

"உமா! ஏ உமா! கெளம்பு." வேல்சாமி செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்றான். பின்னால் வசந்தகுமார். "சைபர் கிரைம்ல பேசிட்டேன். யாரு பேருல கணக்கு இருக்கோ அவுகளே வரணுமாம். எந்த ஊர்ல உக்காந்து செஞ்சான்னு கண்டுபிடிச்சுருவாகளாம். அவன் கைய ஒடைக்காம விட மாட்டேன்!"

ராக்கு பிள்ளையை வாங்க எழுந்தாள். மதுமதி உமாவையே பார்த்தாள். இன்னொரு பொய் அவளிடமிருந்து வராது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது.

"யாரும் திருடலங்க" என்றாள் உமா. "நாந்தான் எடுத்தேன். மதுவோட சாவிய நாந்தான் பிடுங்குனேன்."

"என்னது?"

"எனக்குப் பொறுக்கல. அதான் செஞ்சேன்."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து தலையில் விழும் என்று காத்திருந்தாள். ராக்குதான் முதலில் பேசினாள். "விடு வேல்சாமி. பிள்ள பெத்த ஒடம்பு, மனசு ஒரு நெலையில இருக்காது. அவள ஒண்ணும் சொல்லாத."

வசந்தகுமார் மெல்ல மதுமதியின் பக்கம் திரும்பினான். "ஒனக்குத் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"ஒன்னத்தான் கேக்குறேன். காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப என்கிட்டயும் பொய்யா? பக்கத்துலதான நின்னேன். என் காதுல ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?"

"போலீசுக்குப் போவீங்கன்னு நான் கண்டேனா..."

"ஊரு பூரா திருட்டுன்னு சொல்லி வச்சிருக்கோம்!" வேல்சாமிக்கு இப்போதுதான் கோபத்துக்கு ஆள் கிடைத்தது. "அண்ணனையும் தம்பியையும் டேசன் வாசல்ல கூத்தாட விட்டு வேடிக்கை பாத்திருக்க. இதுதான் ஒங்க வீட்ல கத்துக் குடுத்ததா?"

"ஏத்தா, நீயாவது சொல்லியிருக்கலாம்ல?" ராக்கும் சேர்ந்துகொண்டாள்.

மதுமதியின் முகம் சுண்டிப்போனது. அத்தனை பேருக்கும் நடுவில், வாடிய பூவோடு தனியாக நின்றாள். உமாவைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டுக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து இல்லாத ஒரு குளிர்ச்சி உமாவின் நெஞ்சில் இறங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றுமில்லை. சீ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் அது போகவில்லை.

மதுமதி போனை எடுத்தாள். குரல் நடுங்கவில்லை.

"சார், மதுமதி பேசுறேன். கீழக்கரையில பாத்தோமே... ஆமா சார். யோசிச்சுட்டேன். வாரேன் சார். திங்கக்கிழமையே வந்து சேந்துக்கிறேன்."

"யாரக் கேட்டு?" வசந்தகுமார் கத்தினான்.

அவள் பதில் சொல்லாமல் உள்ளே திரும்பினாள். உமாவைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் வந்ததும் கால் தயங்கி, ஒரு கணம் நின்றாள். அறைக்குள் கேட்ட கேள்விக்கு அவள் இன்னும் பதிலுக்காக நிற்கிறாள் என்று உமாவுக்குத் தெரிந்தது. 'போகாத மது' என்று சொன்னால் போதும், அவள் நின்றுவிடுவாள்.

உமா சொல்லவில்லை. அவள் போவதற்கு வழிவிட்டு, சுவரோடு ஒதுங்கி நின்றுகொண்டாள்.